புது பெயாரிங் போட்டும் ரெயிலர் ஹப் கொதிக்குது: பின் அச்சு, இடது பக்கம்

கிண்ணியா_40அடி
அண்ணாமார், ஒரு உதவி வேணும். 40 அடி ரெயிலர், இரட்டை அச்சு, ட்றம் பிறேக், கிறீஸ் ஹப் (சில்லு பூட்டுற நடுப்பாகம்). சீனக்குடாவில சீமெந்து ஏத்தி ஹபரணைப் பக்கம் ஓடுது. பின் அச்சு இடது ஹப் மட்டும் கந்தளாய் போறதுக்குள்ளயே கை வைக்க ஏலாத சூடு. உள் பெயாரிங், வெளி பெயாரிங், ஒயில் சீல் மூண்டும் 3,000 கி.மீ.க்கு முன்னம்தான் மாத்தினது. பெயாரிங் எண் உள்ளது எச்.எம். 218248, வெளியது எச்.எம். 212049. ரெண்டு நட், நடுவில பூட்டு வோஷர். ஆட்டம் துப்புரவா இல்லாத அளவுக்கு இறுக்கித்தான் பூட்டினது. சத்தம் பெரிசா இல்ல. ரிம்மின் உட்பக்கம் கறுப்புக் கிறீஸ் தெறிச்சிருக்கு. பெயாரிங்தான் மட்டமான சாமானா, இல்ல வேற எங்கயும் பிழை தேடணுமா?

பாலையூற்று_பிறேக்
கழட்ட முன்னம் சூடு எங்க பிறக்குது எண்டு பாருங்க தம்பி. பிறேக் ஒட்டினாலும் ஹப் கொதிக்கும், பெயாரிங் இறுகினாலும் கொதிக்கும். கடைசி ரெண்டு, மூண்டு கி.மீ. முடிஞ்சளவு பிறேக் மிதிக்காம ஓடி நிப்பாட்டி, வெப்பமானித் துப்பாக்கியால ட்றம்மின் வெளி விளிம்பையும் ஹப் மூடியையும் தனித்தனியா அளங்க. ட்றம் கூட, மூடி குறைவு எண்டால் பிறேக். மூடி கூட, ட்றம் குறைவு எண்டால் பெயாரிங். வலது பக்கத்தையும் அதே நேரம் அளக்கணும். ஒரு பக்க எண்ணை மட்டும் வச்சு ஒண்டும் சொல்ல ஏலாது, வெயிலும் பாரமும் ரெண்டு பக்கத்துக்கும் பொதுதானே.

ஒண்டு முக்கியம்: சூட்டோட தண்ணி ஊத்த வேணாம். ட்றம் வெடிக்கும். ஹப்புக்குள்ள விரிஞ்சிருந்த காற்றும் சட்டெண்டு சுருங்கி, சீல் உதட்டால தண்ணியை உள்ளுக்கு இழுக்கும்.

கிண்ணியா_40அடி
அளந்தாச்சு. இடது மூடி 118 பாகை, இடது ட்றம் 84. வலது மூடி 61, வலது ட்றம் 66.

சீனக்குடா_ஹப்
அப்ப பிறேக் இல்ல, பெயாரிங்தான். நீங்க எழுதினதிலயே விடை இருக்கு: "ஆட்டம் துப்புரவா இல்லாத அளவுக்கு". பாரமான ரெயிலர் ஹப்பில அப்படிப் பூட்டக்கூடாது. இந்த வகைக்கு ஆட்டம் (ஹப் உள்ளுக்கும் வெளியவும் அசையுற அளவு) 0.025 முதல் 0.127 மி.மீ. வரை இருக்கணும், அங்குலத்தில 0.001 முதல் 0.005. கையால ஆட்டினால் இது தெரியவே தெரியாது. கையில "டொக்" எண்டு தெரிஞ்சா ஆட்டம் கூடிப்போச்சு, ஒண்டும் தெரியாட்டி குறைவாகவும் இருக்கலாம். டயல் கேஜ் (முள்ளால நுண்ணிய அசைவை அளக்கிற கருவி) இல்லாம சொல்ல ஏலாது.

ஓடத் தொடங்கினதும் உருளைகளும் உள்வளையமும்தான் முதல் சூடாகும், ஹப் பெரிய இரும்பு, பிந்தித்தான் சூடாகும். குளிரா இருக்கேக்கயே இடம் இல்லாத பெயாரிங் விரியும்போது இன்னும் இறுகும், இறுகினா இன்னும் சூடு. சாதாரண லித்தியம் கிறீஸ் 180 பாகையை ஒட்டி உருகும். மூடியில 118 எண்டால் உருளை முனையில அதைவிடக் கூட. சீலும் அந்தச் சூட்டில கடினமாகிக் கிறீஸை விட்டிருக்கும், ரிம்மில தெறிச்சது அதுதான். பெயாரிங்கைத் திட்டுறதுக்கு முன்னம் கழட்டிப் பாருங்க. ஓடாதீங்க.

முள்ளிப்பொத்தானை_லொறி
நான் ஒத்துக்கொள்ள மாட்டன். சில வண்டியில கொஞ்சம் இறுக்கமாத்தான் பூட்டுறாங்கள். ஆட்டம் இருந்தா ரயர் ஒரு பக்கம் தேயும், சீலும் போகும்.

சீனக்குடா_ஹப்
கூடின ஆட்டத்தால சீல் போகும், ரயரும் தேயும். அது சரி. தொழிற்சாலையில அமுக்கம் வச்சே பூட்டி வாற ஹப்புகளும் இருக்கு, ஆனா அதுக்குத் தனி நட், தனி அளவு. ரெண்டு நட்டைக் கைக்கணக்கில இறுக்கி அந்த அமுக்கம் எடுக்க ஏலாது. ஆட்டம் 0.05 மி.மீ. கூடிப்போனா பெயாரிங் தாங்கும். இறுக்கம் அவ்வளவு கூடிப்போனா கொதிச்சுக் கெட்டுப்போகும்.

கிண்ணியா_40அடி
கழட்டியாச்சு. ஜக் போட்டு, அச்சுக்குக் கீழ தாங்கி வச்சு, மற்றச் சில்லுகளுக்குக் கட்டை போட்டுத்தான் செய்தது. உள் கோன் (உருளைகளோட வாற உள்வளையம்) உருளைகள் வைக்கோல் நிறம், பெரிய முனைப் பக்கம் நீலம். உருளைகளைப் பிடிக்கிற கூடு நல்லம். வெளி கோன் சாம்பல் நிறம், நீலம் இல்ல. சீல் உதடு நகத்தால வளைச்சா வெடிக்குது. கிறீஸ் தார் மாதிரி. ஹப்பில உள் கப்பின் (உருளை ஓடுற வெளிவளையம்) முதுகு கண்ணாடி மாதிரி மினுங்குது, சுத்தியல் தொடாம கையாலயே வந்திட்டுது. வெளி கப் இறுக்கமா இருக்கு. அச்சு முனையில கோன் உக்காருற இடத்தில மங்கலா சுத்துக் கோடுகள்.

லேத்_தம்பலகாமம்
அச்சு முனையில உள்ள மங்கல் கோடுக்குப் பயப்பட வேணாம். ரெயிலர் அச்சில கோன் வழுக்கித்தான் உக்காரும், ஓடும்போது மெல்ல நகரும். நகம் தடக்குற படி, பள்ளம் இருந்தாத்தான் பிரச்சினை. கப் கையால வந்ததுதான் பெரிய விசயம். கப் ஹப்புக்குள்ள அமுக்கித்தான் போகணும், குழி கப்பை விடச் சின்னதா இருக்கணும். அந்தக் கப்பின் வெளிவிட்டம் 146.975 மி.மீ. முதுகு மினுங்கினால் கப் ஹப்புக்குள்ள சுத்தியிருக்கு, அந்த உராய்வாலயும் சூடு.

புதுக் கப்பும் கையால போனால் அந்த ஹப் முடிஞ்சுது. சுத்தி வரப் புள்ளிக் குத்து, இடையில தகடு, பசை, வெல்டிங் எல்லாம் நாலு பயணம் காட்டும், கப் சரிஞ்சு உக்காரும், பிறகு உருளை ஒரு பக்கமாத் தின்னும். குழியைக் கடைஞ்சு புஷ் (உலோக உறை) போட்டுத் தரச் சொல்லிக் கேக்குறாங்கள். பாரம் ஏத்துற ஹப்பில அந்த இடத்துச் சுவரைக் கடைஞ்சு மெல்லிசாக்க மனம் வராது. வேற ஹப் பாருங்க.

மற்றது, எண் கவனம். ஜேர்மன் வகை அச்சில வாற 33118 இன் உள்விட்டம் 90 மி.மீ. உங்கட 218248 இன் உள்விட்டம் 89.974. கோனைக் கையில எடுத்தால் ரெண்டும் ஒண்டு மாதிரி, கடையிலயும் "ஏறும்" எண்டுவாங்கள். ஆனா 33118 இன் கப் 150 மி.மீ. கோன் ஒரு இனம், கப் ஒரு இனமாப் போட்டால் சாய்வுக் கோணம் பொருந்தாது, உருளை விளிம்பில மட்டும் பாரம் நிக்கும். கோனும் கப்பும் எப்பவும் ஒரே பெட்டியில வாங்குங்க.

கிண்ணியா_40அடி
புதுக் கப்பை வச்சுப் பாத்தன், விரலால தள்ளவே உள்ள போகுது. அதே ரக ஹப் ஒண்டு கிடைச்சிருக்கு, பழசு ஆனா குழி நல்லம், உள்ள பழைய கப்புகள் இருக்கு. அதை எப்படி எடுக்கிறது? பூட்டுற முறையையும் எண்களோட சொல்லுங்க.

லேத்_தம்பலகாமம்
பழைய கப்பின் உருளை ஓடுற முகத்தில வெல்டிங் கம்பியால ஒரு சுத்துக் கோடு இழுங்க. ஆறேக்க கப் சுருங்கித் தானா விழும், குழிக்குக் காயம் வராது. வெல்டிங்கின் மண் கம்பியை (ஏர்த்) அந்த ஹப்பிலயே பிடிக்கணும். பூட்டின சில்லு, பெயாரிங் வழியா மின்னோட்டம் போனால் உருளையில புள்ளி புள்ளியாச் சுட்டிடும். புதுக் கப்பை இறக்கப் பழைய கப்பையே அறுத்து ஒரு வெட்டுப் போட்டு மேல வச்சு அடிங்க, அது குழிக்குள்ள ஒட்டாம திரும்ப வரும். கடின உளியால அடிச்சால் கப் விளிம்பு உடையும். அடி சத்தம் மாறி "திண்" எண்டு வரும்வரை இறக்கி, பிறகு 0.05 மி.மீ. ஃபீலர் தகட்டால கப்புக்கும் அது முட்டி நிக்கிற ஹப்பின் தோளுக்கும் இடையில சுத்தி வரப் பாருங்க. எங்கயும் நுழையக்கூடாது.

சீனக்குடா_ஹப்
பூட்டுறது. ஹப்பை மண்ணெண்ணெயால கழுவித் துடைச்சுக் காய விடுங்க. எண்ணெய் ஈரம் மிச்சம் இருந்தால் கிறீஸ் இளகும். கோனைக் கழுவினால் காற்றுக் குழாயால சுழட்டி விளையாட வேணாம், கூடு விட்டு உருளை தெறிக்கும். கிறீஸ் லித்தியம் கொம்பிளெக்ஸ், கெட்டியில 2ஆம் தரம், ஈ.பி. (கடும் அமுக்கம் தாங்குற வகை). முந்தினது என்ன இனம் எண்டு தெரியாட்டி அதில ஒரு துளியும் மிஞ்சக்கூடாது, சில இனங்கள் கலந்தால் தண்ணியாகும்.

உள்ளங்கையில ஒரு கட்டிக் கிறீஸ் வச்சு, கோனின் அகன்ற பக்க விளிம்பை அதில குத்திக் குத்தி இழுங்க, மற்றப் பக்கம் உருளைகளுக்கு இடையால புழு மாதிரிக் கிறீஸ் எட்டிப் பாக்கும்வரை. கொஞ்சம் திருப்பி அடுத்த இடம். மேல பூசினால் உள்ளுக்குப் போகாது. ஹப் குழியில மூண்டில ஒரு பங்கு போதும். முழுசா நிரப்பினால் கடைஞ்சு சூடாகிச் சீலைத் தள்ளும்.

புதுச் சீல் எப்பவும். உதட்டில கொஞ்சம் கிறீஸ், சரிவில்லாம அடிச்சு இறக்கணும். அச்சில சீல் தேய்க்கிற இடத்தில பள்ளம் விழுந்திருந்தால் எத்தினை சீல் மாத்தினாலும் கசியும், அதை முதல் பாருங்க.

இனி நட். ஹப்பைக் கையால சுத்திக்கொண்டே உள் நட்டை 271 நியூட்டன் மீட்டருக்கு இறுக்குங்க, 200 அடி இறாத்தல். உருளைகள் கப்பில உக்காரத்தான் இது. ஒரு முழுச் சுத்து தளர்த்துங்க. திரும்பச் சுத்திக்கொண்டே 68 நியூட்டன் மீட்டர், 50 அடி இறாத்தல். அதிலிருந்து கால் சுத்துத் தளர்வு. வோஷர், பிறகு வெளி நட்டை அதன் வகைக்குரிய அளவுக்கு. ஊசி வைக்கிற வோஷர் உள்ள பெரிய நட்டுக்கு 407 முதல் 542 நியூட்டன் மீட்டர் வரை. நாக்கு மடிக்கிற வகைக்கு அதை விடக் குறைவு, அச்சுக் கைநூலைப் பாருங்க. ஜேர்மன் வகை அச்சுக்கு இந்தக் கணக்கே பொருந்தாது.

கிண்ணியா_40அடி
அண்ணா, கால் சுத்து எண்டால் அங்குலத்துக்கு 16 புரி நட்டில 0.4 மி.மீ. வருமே. நீங்க சொன்ன 0.127ஐ விட எவ்வளவோ கூட.

சீனக்குடா_ஹப்
நல்ல கேள்வி. கால் சுத்தும் முழுசா ஆட்டமா வராது. 68இல இறுக்கினபோது அமுங்கி நிண்ட உலோகம் விரிஞ்சு அதில கொஞ்சம் போகும். வெளி நட்டை இறுக்கேக்க உள் நட் தன் புரி இடைவெளியளவு உள்ளுக்குத் தள்ளுப்படும், அதில மிச்சம் போகும். அதாலதான் வெளி நட்டை முழு அளவுக்கு இறுக்கின பிறகு மட்டும் அளக்கணும். டயல் கேஜின் காந்தக் காலை ஹப்பில நிறுத்தி, முள்ளை அச்சு முனையின் தட்டை முகத்தில வச்சு, ஹப்பை 3 மணி, 9 மணி நிலையில ரெண்டு கையாலயும் பிடிச்சு உள்ளுக்குத் தள்ளுங்க, வெளிய இழுங்க, இடைக்கிட சின்னதா அசைச்சபடி. எல்லைக்கு வெளிய எண்டால் வெளி நட்டைக் கழட்டி உள் நட்டைத் திருத்தித் திரும்ப முழுசா.

நிலாவெளி_படகு
இழையைக் கொஞ்சம் திருப்புறன். திருகோணமலை கொட்பேயில கடலுக்குப் படகு இறக்குற ரெயிலரில கழட்டினால் கப்பில உருளை இடைவெளிக்கு இடைவெளி கறுப்புக் கோடு. சூட்டு நிறம் எங்கயும் இல்ல.

பாலையூற்று_பிறேக்
அது தண்ணி. ஓடி வந்த சூட்டோட கடல்ல இறக்கினதும் ஹப் உள்ளுக்கு இழுக்கும், உப்புத் தண்ணி உருளைக்குக் கீழ நிண்டு அரிக்கும். ஹப் ஆறும்வரை நிண்டு இறக்குங்க. கோடு விழுந்த கப்பைத் தேய்ச்சுப் போட வேணாம், மாத்துங்க.

கிண்ணியா_40அடி
பூட்டியாச்சு. முதல் தடவை டயல் 0.18 காட்டிச்சு, திருத்தி இப்ப 0.08. சில்லு நட் 10, எம் 22, தட்டை வகை, குறுக்கா மாறி மாறி 650 நியூட்டன் மீட்டர். பாரம் ஏத்தி ஹபரணையில நிப்பாட்டி அளந்தன்: இடது மூடி 59, வலது மூடி 62. சில்லு நட்டுகளையும் அங்கயே திரும்ப இறுக்கினன், ரெண்டு நட் கொஞ்சம் திரும்பிச்சு. பிறேக் சூ லைனிங்கில கிறீஸ் பட்டிருக்கு, துடைச்சா காணுமா?

பாலையூற்று_பிறேக்
காணாது. லைனிங் குடிச்ச கிறீஸ் சூட்டில திரும்ப வெளிய வரும், அந்தச் சில்லு மட்டும் பிடிக்காது. அச்சின் ரெண்டு பக்கமும் சோடியா மாத்துங்க. வலது பக்கத்தை அதுக்கெண்டு கழட்டேக்க அந்த ஹப்பின் ஆட்டத்தையும் டயலில பாத்திடுங்க, அதையும் அதே கைதானே பூட்டினது.