அம்மாவின் வைராக்கியத்தை மகளுக்கு எப்படிக் கொடுப்பது?

காப்பிமலை எழுதியது:
என் அம்மா பிறந்தது இலங்கையில், அட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீட்டில். இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழர்களை இரண்டு நாட்டுக்கும் பிரித்த 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இந்தியாவுக்கு என்று ஒதுக்கிய 5,25,000 பேரில் அவர் குடும்பமும் உண்டு. 1975ல், பதினாறு வயதில், தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரம், மண்டபம் முகாம், அப்புறம் யாரோ சொல்லி ஏற்காட்டில் காப்பித் தோட்ட வேலை.

இலங்கைத் தோட்டத்தில் நிறுக்கும்போது கொழுந்து குறைந்தால் அன்றைக்கு 'அரைப் பேர்', அதாவது பாதிச் சம்பளம். அந்த வார்த்தையை அம்மா இங்கும் விடவில்லை. கணக்கில் 48 வாங்கி வந்தால் "அரைப் பேரோட வந்திருக்கியா புள்ள" என்பார், அவ்வளவுதான், அடுத்த தேர்வுக்கு நான் விளக்கை அணைக்கமாட்டேன். என் சாதிச் சான்றிதழுக்காக ஓர் அலுவலகத்தில் "சிலோன்காரங்களுக்கு இங்க என்ன சான்று" என்று விரட்டினார்கள். மறு வாரமும் அதே மஞ்சள் பையில் குடும்ப அட்டையை வைத்துக்கொண்டு அதே வாசலில் போய் நின்றார். வாங்கியும் வந்தார். நான் டீச்சர் ஆனது அப்படித்தான்.

இப்போது சேலத்தில் இருக்கிறோம், மகள் பன்னிரண்டாம் வகுப்பு. ஒரு மாதிரித் தேர்வில் மதிப்பெண் குறைந்ததும் "எனக்கு இதெல்லாம் வராதும்மா" என்று புத்தகத்தை மூடிவிட்டாள். நானும் வாய் தவறி அரைப் பேர் என்று சொல்லிவிட்டேன், ராத்திரி முழுக்க அழுதாள். அந்தக் கஷ்டம் அவளுக்கு வேண்டாம், ஆனால் அந்த வைராக்கியம் வேண்டும். எப்படி?

செவ்வாய்ப்பேட்டை எழுதியது:
எங்கள் அம்மா சின்ன வயதில் பர்மாவிலிருந்து வந்தவர், இட்லிக் கடை போட்டு மூன்று பெண்களைப் படிக்க வைத்தார். மாவாட்டும்போதுதான் ரங்கூன் கதை சொல்வார், பக்கத்தில் உட்கார்ந்து கேட்டே வளர்ந்தோம். லீவு விட்டதும் பாட்டியிடம் அனுப்புங்கள் அக்கா, நீங்கள் நடுவில் பேசாதீர்கள்.

தூரதேசம் எழுதியது:
நான் ஆத்தூர்ப் பெண், இப்போது வெளிநாட்டில் நர்ஸ். எங்கள் அம்மாவும் இதே ரகம். அவரால்தான் இவ்வளவு தூரம் வந்தேன், அதில் சந்தேகமில்லை. ஆனால் முதல் வருஷம் இங்கே தனியாகக் கிடந்து தவித்தபோது "முடியலம்மா" என்று ஒரு தடவைகூட போனில் சொல்ல வாய் வரவில்லை, சொன்னால் தோற்றுவிட்டதாக ஆகிவிடும் என்று பயம். உங்கள் மகள் உங்களிடம் வந்து சொல்லியிருக்கிறாள். அந்த வழியை அடைத்துவிடாதீர்கள். முதலில் அந்த வார்த்தைக்கு மன்னிப்புக் கேளுங்கள்.

காப்பிமலை எழுதியது:
கேட்டுவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அவளை மலைக்கும் கூட்டிப் போனேன். அம்மா வாசலில் மிளகு காயப் போட்டுக்கொண்டிருந்தார். இவள் பக்கத்தில் உட்கார்ந்து கிளறிக்கொண்டே, "பாட்டி, நீ எப்பவாச்சும் அரைப் பேர் வாங்கியிருக்கியா?" என்று கேட்டாள். நாற்பது வருஷத்தில் எனக்கு இதைக் கேட்கத் தோன்றியதே இல்லை. அம்மா கையை எடுக்காமலே சொன்னார்: "பேர் பதிஞ்ச முதல் மாசம் பூரா அரைப் பேருதான் புள்ள. எங்கம்மா தினமும் அவ கூடையிலருந்து ரெண்டு பிடி அள்ளி எனக்குப் போடுவா."