ஆங்கில வகுப்புக்கு இளையோர் நாவல்: எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும்

எட்டு முதல் பத்தாம் வகுப்பு வரை ஆங்கிலத்துக்கு ஒரு முழு நாவல் வைக்க வேண்டும் என்றால் எதை முதலில் பார்ப்பீர்கள்? விருதுப் பட்டியலும் கதைச்சுருக்கமும் வேண்டாம், அவை எங்கும் கிடைக்கும். வகுப்பில் எது ஓடுகிறது, எது படுத்துவிடுகிறது, ஏன் என்று சொல்லுங்கள்.

*

அட்டையில் போட்டிருக்கும் வயதையும், நூல் வாசிக்க எவ்வளவு கடினம் என்று காட்டும் லெக்சைல் எண்ணையும் முதலில் ஓரமாக வையுங்கள். லெக்சைல் அளப்பது இரண்டே விஷயம்: வாக்கியம் எவ்வளவு நீளம், சொற்கள் எவ்வளவு புழக்கத்தில் உள்ளவை. அதனால்தான் சிறுவர் நாவலான 'சார்லட்ஸ் வெப்'புக்கும் ஸ்டைன்பெக்கின் 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்'துக்கும் ஒரே 680எல் விழுந்தது. பின்னதில் உரையாடல் அதிகம், வாக்கியங்கள் குட்டை. கதையின் கனத்துக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை.

புத்தகத்தை நடுவில் பிரியுங்கள். முதல் அத்தியாயம் வாசகரை இழுக்கவே மெருகேற்றப்பட்டது. அதை வைத்து முடிவு செய்தால் ஏமாற்றம்தான். கால் பங்கு, பாதி, முக்கால் என மூன்று இடங்களில் தலா 100 சொற்களை எடுத்து, நடுத்தரமாக வாசிக்கும் நாலைந்து மாணவர்களிடம் கொடுத்து, தெரியாத சொல்லை அடிக்கோடிடச் சொல்லுங்கள். 100க்கு 2 என்றால் துணையில்லாமல் வாசிப்பார்கள். துணையில்லாமல் வாசிக்க 98 விழுக்காடு சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்று ஹூ, நேஷன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2000இல் வெளியிட்ட ஆய்வு சொல்வது இதைத்தான். 5 வரை போனால் ஆசிரியர் கூடவே நடக்க வேண்டும். அதையும் தாண்டினால் நடப்பது நாவல் வாசிப்பு அல்ல, அகராதி புரட்டல்.

*

அந்த அடிக்கோட்டை அப்படியே நம்ப வேண்டாம். 'புட்', 'அப்', 'வித்' மூன்றும் தனித்தனியே தெரிந்தவை. அதனால் 'பொறுத்துக்கொள்' என்ற பொருளில் 'புட் அப் வித்' வரும் இடத்தில் யாரும் கோடு போடுவதில்லை, பொருள் நழுவுவதோ அங்கேதான். இளையோர் நாவல் பேச்சுநடையில் ஓடுவது. இப்படிச் சின்னச் சொற்கள் சேர்ந்து புதுப் பொருள் தரும் வினை, அதாவது ஃப்ரேசல் வெர்ப், பக்கத்துக்குப் பக்கம் கிடக்கும். கோடு போட்டு முடித்ததும் "இங்கே என்ன நடந்தது?" என்று தாய்மொழியில் இரண்டு வரி சொல்லச் சொல்லுங்கள். கோடு குறைவாக இருந்தும் கதை தவறாக வந்தால் சிக்கல் சொல்லில் இல்லை, சொற்சேர்க்கையில்.

கொச்சைச் சொல்லுக்கும் வயதாகும். எஸ்.ஈ. ஹின்டனின் 'தி அவுட்சைடர்ஸ்' 1967இல் வந்தது. அதன் இரு கும்பல்களைக் குறிக்கும் சொற்களே இன்றைய மாணவருக்குப் புதிது. இப்படிப்பட்ட நாவலுக்கு 15, 20 சொற்களை ஒரே தாளில் எழுதி முதல் நாளே கொடுத்துவிட்டால் போதும். அத்தியாயத்துக்கு அத்தியாயம் சொற்பட்டியல் போட்டால் கதை செத்துவிடும்.

*

நேரக் கணக்கைப் பலர் போடுவதே இல்லை. 50,000 சொல் நாவல் என்று வையுங்கள். இரண்டாம் மொழியாக ஆங்கிலம் படிக்கும் மாணவர் நிமிடத்துக்கு 100 சொல் வாசித்தால் 500 நிமிடம். 40 நிமிடப் பீரியடில் பாதி வாசிப்பு, பாதி பேச்சு என்றால் 25 பீரியட். வாரத்துக்கு 3 பீரியட் கிடைத்தால் எட்டு வாரம் தாண்டும். அதற்குள் தேர்வு வந்து நிற்கும். கடைசி நூறு பக்கத்தை ஆசிரியர் வாயால் சொல்லி முடிப்பார். பாதி நாவல்கள் வகுப்பில் இப்படித்தான் சாகின்றன.

வாசிப்பில் பாதியை வீட்டுக்கு விடலாம், ஆனால் எந்தப் பாதி என்பது முக்கியம். கதைசொல்லி மாறும் இடம், காலம் பின்னோக்கிப் போகும் இடம், ஒவ்வொரு பகுதியின் தொடக்கம் ஆகியவை வகுப்பில். உரையாடலாக ஓடும் அத்தியாயங்கள் வீட்டில். நேரம் இன்னும் நெருக்கினால் கவிதை வரிகளிலேயே கதை சொல்லும் நாவலை எடுங்கள். 300 பக்கம் இருந்தாலும் சொல் குறைவு, வெற்றிடம் அதிகம். தடித்த புத்தகத்தை முடித்த மிதப்பில் அடுத்ததைக் கேட்பார்கள்.

*

படக்கதை வடிவில் வரும் கிராஃபிக் நாவலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜீன் லூயன் யாங்கின் 'அமெரிக்கன் பார்ன் சைனீஸ்' 2007இல் இளையோர் நூல்களுக்கான அமெரிக்க விருதான பிரின்ட்ஸ் விருது பெற்றது. அந்த விருதை வாங்கிய முதல் கிராஃபிக் நாவல் அதுதான். மூன்று கதைச்சரடுகள் கடைசியில் ஒன்றாகும். மாணவர்கள் ஒரே மூச்சில் முடித்துவிட்டு "அவ்வளவுதானா?" என்பார்கள். எனவே இரண்டாம் வாசிப்புக்கும் பீரியட் ஒதுக்க வேண்டும்: எந்தச் சட்டகத்தில் முதல் குறிப்பு விழுந்தது என்று தேடவிடுங்கள்.

*

வாசிப்பு நிலையும் நேரமும் பொருந்திய பிறகுதான் உண்மையான கேள்வி வரும்: இதை வைத்து வகுப்பில் என்ன செய்யலாம்? "கதாநாயகன் எங்கே போனான்?" என்பதைத் தவிர வேறு கேள்வி எழாத நாவலை நூலகத்துக்கு அனுப்புங்கள், அங்கே அது நன்றாகவே ஓடும். இளையோர் நாவலின் பெரிய வசதி 'நான்' என்று தன்மையில் பேசும் கதைசொல்லி. அவனுக்குத் தெரியாதது எது, அவன் மறைப்பது எது, எந்த இடத்தில் நம்மிடமே பொய் சொல்கிறான் என்று மூன்று பத்தியாவது காட்ட முடிந்தால் புத்தகம் தேறியது. மேலே சொன்ன ஹின்டன் நாவலின் முதல் வாக்கியமே கடைசி வாக்கியமாகவும் வருகிறது. நாம் வாசித்தது முழுவதும் கதைசொல்லி தன் ஆங்கில வகுப்புக்கு எழுதிய கட்டுரை என்று அங்கேதான் தெரிகிறது. இந்த ஒரு முடிச்சு மூன்று பீரியடுக்குத் தாங்கும்.

*

உள்ளடக்கம் பற்றி மேலே பதில் சொன்ன யாரும் பேசவில்லையே. வாங்கும் முன் ஆசிரியர் முழுதாக வாசித்து, வன்முறை, பாலியல், வசைச்சொல், தற்கொலை வரும் இடங்களை அத்தியாய எண்ணோடு ஒரு தாளில் குறிக்க வேண்டும். தலைமையாசிரியருக்கும் பெற்றோருக்கும் முன்கூட்டியே அரைப் பக்கக் கடிதம்: ஏன் இந்த நூல், எந்தப் பகுதிகள் கடினம், அவற்றை எப்படிக் கையாளப்போகிறோம். புகார் வந்த பிறகு எழுதும் அதே அரைப் பக்கம் சமாதானம் போலத்தான் தெரியும். மாற்று நூல் கேட்பவருக்கு அதே கருவில், அதே அளவில் ஒன்று தயாராக இருக்கட்டும். பாதி தடிமனான மாற்று நூல் வைத்தால் வகுப்பே மாற்று கேட்கும். இரட்டிப்பு தடிமன் என்றால் அது தண்டனை.

தற்கொலையைப் பழிவாங்கலாகவோ விடுதலையாகவோ காட்டும் நாவலை எச்சரிக்கைக் குறிப்போடுகூட முழு வகுப்புக்கு வைக்கக் கூடாது என்பது என் கட்சி.

*

குழு வாசிப்பு என்றால் நான்கு நூல், குழுவுக்கு ஐந்தாறு பேர். மாணவர் மூன்று விருப்பங்களை வரிசையாக எழுதித் தரட்டும். ஒரே விருப்பம் கேட்டால் நண்பர் கூட்டம் அப்படியே ஒரு நூலில் குவியும். நூல்களைப் பக்கத்தால் அல்ல, வாசிப்பு நிமிடத்தால் சமப்படுத்துங்கள். இல்லாவிட்டால் ஒரு குழு முடித்துவிட்டு முடிவை மற்றவர்களுக்கு உளறிவிடும்.

ஒரு சின்ன விஷயம். பதிப்புக்குப் பதிப்பு பக்க எண் மாறும், ஆகவே வேலைத்தாளில் அத்தியாயமும் பத்தியின் முதல் மூன்று சொல்லும் போடுங்கள். 'எளிமைப்படுத்தியது' என்ற சிறு எழுத்து அட்டையில் இருக்கிறதா என்றும் பாருங்கள். அதில் கதை இருக்கும், கதைசொல்லியின் குரல் இருக்காது. வகுப்பில் பாதிப் பேர் அதையும் மீதிப் பேர் முழுப் பதிப்பையும் வைத்திருந்தால் ஒரு வாக்கியத்தைக்கூடச் சேர்ந்து வாசிக்க முடியாது.