ஆர்கே3399: ஏ72 கோர்களை அணைத்து எழுப்பினால் ஆன்டிமாண்ட் அமைப்பு பழையபடி ஆகிவிடுகிறது

கேள்வி:
ஆர்கே3399 (ஆறு கோர் உள்ள ஏஆர்எம் சிப்) போர்டு, மெயின்லைன் லினக்ஸ் கெர்னல். சிபியு 0 முதல் 3 வரை சின்ன கோரான ஏ53, சிபியு 4, 5 ரெண்டும் வேகமான பெரிய கோரான ஏ72. சூடு குறையணும்னு, வேலை இல்லாதப்ப ஒரு ஸ்கிரிப்ட் ஏ72 ரெண்டோட ‘ஆன்லைன்’ கோப்புலயும் 0 எழுதும். லோடு ஏறினா 1 எழுதும். பூட் ஆகும்போதே பாலிசி4-க்கு (ஏ72 ரெண்டுக்கும் பொதுவான வேக அமைப்பு) ஆன்டிமாண்ட் கவர்னர் (லோடைப் பார்த்து கோர் வேகத்தை மாத்தற பகுதி), அப்-த்ரெஷோல்டு (எத்தனை சதவீத லோடுல வேகம் ஏறணும்ங்கிற வரம்பு) 60, சாம்ப்ளிங்-டவுன்-ஃபாக்டர் (உச்ச வேகத்துல லோடை மறுபடி பார்க்கற இடைவெளியை எத்தனை மடங்காக்கணும்ங்கிறது) 10 வெச்சிடறேன். ஒரு தடவை அணைச்சு எழுப்பினதும் ஏ72 வேகம் ஏறவே தயங்குது. ஸ்கேலிங்-கவர்னர் கோப்புல பார்த்தா ஆன்டிமாண்ட்னுதான் இருக்கு. ஈதர்நெட் வேகமும் அப்பவே விழுது. ஈதர்நெட்டோட இன்டரப்டை (சாதனம் சிபியுவைக் கூப்பிடற சிக்னல்) சிபியு 4-ல கட்டி வெச்சிருந்தேன்.

பதில்:
கவர்னர் பேரை மட்டும் பார்த்தா போதாது. ஒரு பாலிசியில இருக்கிற கடைசி கோரும் ஆஃப்லைன் போனா, கெர்னல் கவர்னரோட பேரை மட்டும் ஞாபகம் வெச்சுக்கிட்டு கவர்னரைக் கழட்டிடும். அதோட டியூனபிள்களும் (நாம மாத்தி வெச்ச மதிப்புகள்) போயிடும். கோர் திரும்பி வந்ததும் அதே பேர்ல புது கவர்னர், உள்ளே டீஃபால்ட் மதிப்புகள்: அப்-த்ரெஷோல்டு 95, டவுன்-ஃபாக்டர் 1. 60 சதவீதத்துல ஏற வேண்டியது 95 வரைக்கும் காத்திருந்தா தயங்கத்தானே செய்யும்.

சோதிக்கிறது சுலபம். சிபியு 5-ஐ மட்டும் அணைங்க. பாலிசி4 உயிரோட இருக்கும், 60 மாறாது. அடுத்து 4-ஐயும் அணைச்சுட்டு பாலிசி4 அடைவுக்குள்ள பாருங்க, ‘ஆன்டிமாண்ட்’ங்கிற உள்அடைவே இருக்காது.

ஈதர்நெட்டுக்குக் காரணம் வேற. சிபியு 4 போகும்போது அதுல கட்டின இன்டரப்டை கெர்னல் மிச்சமிருக்கிற கோர்களுக்குத் தள்ளும். 4 திரும்பி வந்தாலும் இன்டரப்ட் தானா திரும்பாது. அந்த இன்டரப்டோட எஸ்எம்பி-அஃபினிட்டி-லிஸ்ட்ல (எந்தெந்த கோருக்கு அது போகலாம்னு சொல்ற கோப்பு) முன்னாடி 4 இருந்திருக்கும், இப்ப 0-3 இருக்கும்.

கேட்டவர்:
சரியா நீங்க சொன்னபடியேதான். 5 மட்டும் போனா 60; ரெண்டும் போய் வந்தா 95, 1. லிஸ்ட்லயும் 0-3. ஸ்கிரிப்ட் 1 எழுதின கையோட எல்லாத்தையும் திரும்ப எழுதிடட்டுமா?

பதில்:
எழுதலாம், ஆனா வேற யாராவது கையால எழுப்பினா அது தப்பிடும். யூடெவ் (கெர்னல் அனுப்பற சாதன நிகழ்வுகளைக் கேட்டு வேலை செய்யற நிரல்) விதிதான் நல்லது: சப்சிஸ்டம் சிபியு, ஆக்ஷன் ஆன்லைன், கெர்னல் பேர் சிபியு4 அல்லது சிபியு5. எது முதல்ல எழும்னு சொல்ல முடியாது, அதனால ரெண்டுக்கும் விதி வேணும். இந்த நிகழ்வு, கோர் முழுசா எழுந்து கவர்னரும் தொடங்கின பிறகுதான் வரும். அதனால ஸ்கிரிப்ட்ல காத்திருக்க ஸ்லீப் எதுவும் போட வேண்டாம். அந்த விதி ஓட்டுற ஸ்கிரிப்ட்லயே இன்டரப்ட் அஃபினிட்டியையும் எழுதிடுங்க.

இன்னொருவர்:
விதி வேலை செய்யும், ஆனா கோரை அணைக்கவே தேவையில்லைங்கிறது என் கருத்து. சும்மா இருக்கிற ஏ72-ஐ கெர்னலோட சிபியுஐடில் பகுதி ஏற்கெனவே தூங்க வைக்குது. இந்த சிப்போட டிவைஸ் ட்ரீல (வன்பொருள் விவரத்தைக் கெர்னலுக்குச் சொல்ற கோப்பு) கோர் தூக்கம், கிளஸ்டர் தூக்கம்னு ரெண்டு நிலை இருக்கு. கோர் தூக்கத்துக்குக் குறைஞ்சது 900 மைக்ரோசெகண்ட் சும்மா இருந்தாலே போதும். ஹாட்பிளக் (ஓடும்போதே கோரை அணைச்சு எழுப்பறது) அப்படியில்லை. ஒரு கோரை இறக்க, ஆன்லைன்ல இருக்கிற எல்லா கோரையும் கொஞ்ச நேரம் நிறுத்தணும். அதை லோடு ஏற இறங்க செய்யறது வீண்.

சூடு வர்றது வேலை நேரத்துல. அதைத்தான் குறைக்கணும். 1800 மெகாஹெர்ட்ஸ்ல ஏ72-க்கு 1.2 வோல்ட், 1416-ல 1.025 வோல்ட். மின்செலவு வோல்டேஜோட வர்க்கத்தையும் வேகத்தையும் பெருக்கின அளவுல போகும். கணக்குப் போட்டா முன்னாடி இருந்ததுல சுமார் 57 சதவீதம். வேகம் குறையறது 21 சதவீதம்தான். பாலிசி4-ல ஸ்கேலிங்-மேக்ஸ்-ஃப்ரீக்கை (உச்ச வேக வரம்புக் கோப்பு) இறக்குங்க.

கேட்டவர்:
ஹாட்பிளக் ஸ்கிரிப்டை நிறுத்திட்டு 1416 எழுதினேன். பிழை எதுவும் வரலை, ஆனா ஏ72 எவ்வளவு லோடு கொடுத்தாலும் 408-லயே நிக்குது.

இன்னொருவர்:
அந்தக் கோப்போட அலகு கிலோஹெர்ட்ஸ். 1416-ங்கிறது இருக்கிற குறைந்தபட்ச வேகத்துக்கும் கீழே, அதனால உச்சவரம்பு 408000-ல போய் உட்கார்ந்துடுச்சு. 1416000 எழுதுங்க.

கேட்டவர்:
ஏறிடுச்சு. அப்-த்ரெஷோல்டும் 60-லயே நிக்குது, இன்டரப்டும் சிபியு 4-ல இருக்கு.