ட்ரே யங் இருக்கும்வரை அட்லாண்டாவின் தடுப்பாட்டம் தேறுமா? (2025-26 சீசனுக்கு முன் நடந்த விவாதம்)

கோட்டோரம்:
2025-26 சீசன் தொடங்கும் முன் இதைப் பேசிவிடலாம். 2018-ல் ட்ரே யங் வந்ததிலிருந்து NBA கூடைப்பந்து அணியான அட்லாண்டா ஹாக்ஸுக்கு இதே தலைவலிதான். போன சீசனில் ஆட்டத்துக்கு 11.6 அசிஸ்ட் (கூடையில் முடியும் பாஸ்), லீக்கிலேயே முதலிடம். பந்து கையில் இருக்கும்போது அவர் அபாரம். ஆனால் எதிரணி கார்டை, அதாவது பந்தைக் கொண்டுவரும் ஆளைத் தடுக்க நிற்கும்போது ஆறடியை ஒட்டிய உயரமும் ஒல்லி உடம்பும் காட்டிக்கொடுத்துவிடுகின்றன. எதிரணி ஆள் வழிமறித்து நிற்கும் ஒரு ஸ்க்ரீனில் மாட்டினால் பின்னாலேயே தங்கிவிடுகிறார். பக்கத்தில் இன்னொரு கார்டை வைத்து இதை மூடப் பார்த்தாயிற்று. 2022-ல் சான் அன்டோனியோவிலிருந்து டிஜான்டே மரேயை வாங்க, புது ஆட்டக்காரர்களை எடுக்கும் டிராஃப்டில் மூன்று முதல் சுற்றுத் தேர்வுகள் போயின. கிடைத்தது 41 வெற்றி, 41 தோல்வி; அடுத்த வருடம் 36-46. நல்ல விலை கிடைக்கும்போதே யங்கை அனுப்பிவிட வேண்டும்.

பம்பரம்:
மரேயை வைத்து முடிவு கட்டாதீர்கள் சகோ. 2022 பிளேஆஃபில் (சீசன் முடிந்ததும் வரும் கோப்பைத் தொடர்கள்) மயாமி யங்கைச் சுற்றி வளைத்து ஆட்டத்துக்கு 15.4 புள்ளியில் நிறுத்தியது, தொடரும் 4-1 என்று போனது. பந்தைக் கொண்டுபோக இன்னொருவர் வேண்டும் என்றுதான் முக்கியமாக மரேயை வாங்கினார்கள். தாக்குதல் சுமையையும் ஏற்றிவிட்டு ஒவ்வொரு ஸ்க்ரீனையும் துரத்தச் சொன்னால் எப்படி? இப்போது யங்கோடு ஆடும் கார்டு டைசன் டேனியல்ஸுக்கு அந்தச் சுமை இல்லை. உயரம் ஆறரை அடிக்கு மேல், எதிரணியின் சிறந்த கார்டைப் பிடிப்பதுதான் அவர் வேலை. 2024-25-ல் 229 ஸ்டீல் (பந்தைப் பறித்தது), ஆட்டத்துக்கு 3.0. அதற்குமுன் சராசரி மூன்றைத் தொட்டவர் 1990-91-ல் ஆல்வின் ராபர்ட்சன்.

கோட்டோரம்:
சுமை என்ற வாதம் நிற்காது. சான் அன்டோனியோவில் கடைசி சீசனில் மரே 21 புள்ளி, 9 அசிஸ்ட் எடுத்துக்கொண்டே ஆட்டத்துக்கு 2 ஸ்டீல் எடுத்தார். அட்லாண்டாவில் முதல் வருடமே அது 1.5.

டேனியல்ஸ் அருமையான ஆட்டக்காரர், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் பிளேஆஃபில் எதிரணி அவரோடு ஏன் மோத வேண்டும்? யங் காவல் காக்கிற ஆளையே ஸ்க்ரீன் போடக் கூப்பிடுவார்கள். சுவிட்ச் ஆனதும், அதாவது காப்பவர்கள் ஆளை மாற்றிக்கொண்டதும், டேனியல்ஸ் ஓரத்துக்குப் போய்விடுவார், பந்தின் முன்னால் யங் நிற்பார். 2018 பிளேஆஃபில் ஹூஸ்டன், கோல்டன் ஸ்டேட்டின் ஸ்டெஃபன் கரியை இப்படித்தான் குறிவைத்தது. 2024 இறுதித் தொடரில் பாஸ்டன் டல்லாஸின் லூக்கா டான்சிச்சையும் விடவில்லை. மூன்றாவது ஆட்டத்தில் அவர் ஆறு ஃபவுலோடு வெளியேறினார்.

ஐந்தாமாள்:
அந்த 2018 தொடரை வென்றது யார்? கோல்டன் ஸ்டேட், 4-3. உங்கள் உதாரணத்திலேயே பதில் இருக்கிறது.

சுவிட்ச் செய்தே ஆக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. ஸ்க்ரீன் வரும்போது கரி ஓரடி வெளியே வந்து பந்து வைத்திருப்பவரை ஒரு நொடி தடுப்பார், டிரிப்ளிங் தடுமாறும். அதற்குள் முதலில் காத்தவர் ஸ்க்ரீனைச் சுற்றி வந்துவிடுவார், கரி தன் ஆளிடம் ஓடித் திரும்புவார். இந்த ஹெட்ஜுக்கு உயரம் வேண்டாம், கால் வேண்டும், மனசு வேண்டும். இன்னொரு வழி, ஸ்க்ரீன் வந்து சேரும் முன்பே யங்கின் ஆளைப் பக்கத்தில் இருக்கும் விங் (ஓரத்து ஆட்டக்காரர்) வாங்கிக்கொள்வது. இரண்டுக்குமே மற்ற மூவரும் ஒரே நேரத்தில் நகர வேண்டும். போன வருடம் அந்த மூவர் இல்லை. ஜேலன் ஜான்சன் ஜனவரியிலேயே தோள் காயத்தால் போய்விட்டார். இப்போது அவர் திரும்புகிறார், ரிம்முக்கு, அதாவது கூடைக்கு முன்னால் புதிதாக வந்த உயரமான போர்சிங்கிஸ், வெளியே நிக்கில் அலெக்ஸாண்டர்-வாக்கர். யங்கோடு இப்படி ஒரு ஐவரை இதுவரை பார்த்ததே இல்லை.

பம்பரம்:
முழுக்க இல்லை என்றும் சொல்ல முடியாது. 2021-ல் சென்டர் கபேலா கூடைக்கு அருகே நின்று ஆட்டத்துக்கு 14.3 ரீபவுண்ட் (தவறிய ஷாட்டின் பந்து) எடுத்தபோது இதே யங்கோடு கான்ஃபரன்ஸ் இறுதிவரை, அதாவது லீக் இறுதிக்கு முந்தைய சுற்றுவரை போனோம். நியூயார்க், ஃபிலடெல்ஃபியா இரண்டையும் தாண்டித்தான். கார்டின் ஓட்டையைப் பாதி அடைப்பது சென்டர்தான்.

கோட்டோரம்:
ஹெட்ஜ் நல்ல யோசனை, ஆனால் அதில் ஓடித் திரும்ப வேண்டியவர் யங். கரி வருடக்கணக்காக உடம்பை ஏற்றி, ஒவ்வொரு முறையும் இரண்டாவது ஓட்டத்தை ஓடினார். யங் அப்படி ஒரு சீசன் முழுக்க ஓடி நான் பார்க்கவில்லை. ஏப்ரலில், பிளேஆஃபுக்குள் நுழைவதற்கான பிளே-இன் ஆட்டத்தில் பத்தாம் இடத்து மயாமியிடம் சொந்த ஊரில் ஓவர்டைமில் தோற்றோம், 123-114. அன்று டேனியல்ஸும் இருந்தார். போர்சிங்கிஸை முழு சீசனும் ஆட வைக்க முடியும் என்று எண்ணுவதும் துணிச்சல்தான்.

ஐந்தாமாள்:
அன்று ஜான்சனும் கபேலாவும் இல்லையே, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். யங்கின் கால் பற்றிக் கேட்பது மட்டும் நியாயம். அதற்குப் பயிற்சியாளர் க்வின் ஸ்னைடர்தான் பதில் சொல்ல வேண்டும். ஹெட்ஜ் போட்டுத் திரும்பாத ஆட்டத்தில் யங்கை வெளியே உட்கார வைக்க வேண்டும், நாலாவது குவார்ட்டராக இருந்தாலும் சரி. அலெக்ஸாண்டர்-வாக்கருக்கு 4 வருடத்துக்குச் சுமார் 6 கோடி டாலர் கொடுத்தது அதற்குத்தானே.

கோட்டோரம்:
அப்படி உட்கார வைத்தால் கடைசி ஐந்து நிமிடம் பந்தை யார் கொண்டுபோவார்? டேனியல்ஸை மூன்று புள்ளிக் கோட்டில் யாரும் நெருங்கிக் காப்பதில்லை. அந்தக் கேள்விக்கு விடை தெரியும்வரை யங்கோடு புது ஒப்பந்தம் போடக் கூடாது. அணிகள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ளும் பிப்ரவரி டிரேட் கெடுவரை பொறுங்கள்.