டெட்ஹெடிங்: தமிழில் என்ன? (வியாழனுக்குள் வேண்டும்)

உப்புவெளியிலிருந்து, ஞாயிறு இரவு

எல்லோருக்கும் வணக்கம். வீட்டு முற்றத்தில் ரோசா வளர்ப்பது பற்றி மாணவர்களுக்கும் பெற்றோருக்குமாக நான்கு பக்கத் துண்டுப்பிரசுரம் ஒன்று எழுதுகிறேன். வியாழக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். ஒட்டுக்கட்டை, கத்தரித்தல், கரும்புள்ளி நோய் எல்லாவற்றுக்கும் சொல் இருக்கிறது. ஒன்றுக்குத்தான் இல்லை. பூத்து வாடிய பூவை, அது காய் கட்ட முன்னர் வெட்டி எடுக்கிறோமே, அதை ஆங்கிலத்தில் டெட்ஹெடிங் என்கிறார்கள். வெட்டிவிட்டால் மரம் காயிலும் விதையிலும் சத்தைச் செலவழிக்காமல் புதுக்கொப்பு விட்டு மறுபடி பூக்கும். பக்கத் தலைப்பாக வர வேண்டியது, ஆகவே இரண்டு சொல்லுக்குள் அடங்க வேண்டும்.

வரைவில் "இறந்த தலை நீக்கம்" என்று போட்டிருந்தேன். பக்கத்து வகுப்பு ஆசிரியை வாசித்துவிட்டு, "ரீச்சர், எங்கட ஊரில இதை ஆறாம் வகுப்புப் பிள்ளையிட்டக் குடுக்கப் போறீங்களா?" என்று கேட்டார். அழித்துவிட்டேன்.

தம்பலகாமத்திலிருந்து, திங்கள் காலை

ரீச்சர், ஆக்க வேண்டியதே இல்லை. அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல் என்று பூவின் பருவம் ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்த மொழி இது. கடைசி இரண்டும் உங்கள் கத்தரிக்கோலுக்காகவே நிற்கின்றன: "வீ களைதல்" அல்லது "செம்மல் கொய்தல்".

என் விருப்பம் முதலாவது. வீ என்றால் பூ, வீதல் என்றால் சாதல். வெள்ளைக்காரன் இரண்டு சொல்லில் சொன்னதை நாம் ஓரெழுத்தில் சொல்லிவிடுகிறோம். வீ, வீழ், விழு, விடு, வீடு எல்லாம் ஓரினம் என்பது என் நெடுநாள் எண்ணம். காம்பை விட்டது வீ, பற்றை விட்டது வீடு. அப்படிப் பார்த்தால் பூவுக்கும் வீடுபேறு உண்டு. இதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

மூதூரிலிருந்து, திங்கள் மதியம்

மாஸ்ரர், வீடுபேறு வியாழனுக்குள் அச்சேறாது.

"வீ களைதல்" என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். வீக்கத்துக்கு மருந்து போடுகிற மாதிரி இருக்கிறது. பொருளும் இடிக்கிறது. குறுந்தொகையில் வேங்கை வீ உதிர்ந்து கிடக்கிற பாறை புலிக்குட்டி போலத் தெரிகிறது. அங்கே வீ ஏற்கனவே விழுந்துவிட்டது. ரீச்சருக்கு வேண்டியது விழாமல் கொப்பிலேயே காய்ந்து நிற்கிற பூ. விழுந்ததைக் களைய விளக்குமாறு போதும்.

"செம்மல் கொய்தல்" இன்னும் மோசம். செம்மல் என்றதும் செக்கிழுத்த வ.உ.சி.தான் நினைவுக்கு வருவார். பெரியவர்களின் தலையைக் கொய்யச் சொல்கிறோமா?

நிலாவெளியிலிருந்து, திங்கள் பின்னேரம்

தம்பி சொல்வது சரி. குறிஞ்சிப்பாட்டுப் பட்டியலில் சேடலுக்கும் சிறுசெங்குரலிக்கும் நடுவே செம்மல் என்று ஒரு பூவே இருக்கிறது. உரைகாரர் அதைச் சாதிப்பூ என்கிறார். புதிதாய் மலர்ந்த சாதிப்பூவை வெட்டி எறிந்துவிடப் போகிறார்கள்.

எங்கள் வீட்டில் அம்மா ஒரு சொல் வைத்திருந்தார். காலையில் செவ்வந்திச் செடியில் காய்ந்ததைக் கிள்ளும்போது "நிர்மாலியம் எடுக்கிறன்" என்பார். கோயிலில் முதல் நாள் சாத்திய மாலையைக் களைவதுதான் நிர்மாலியம். சாமிக்கு முடிந்த பூ, செடிக்கு முடிந்த பூ, இரண்டும் ஒன்றுதானே. "நிர்மாலியம் களைதல்" என்று வைத்தால் என்ன?

தம்பலகாமத்திலிருந்து, திங்கள் இரவு

அழகான சொல் தங்கச்சி. ஆனால் தமிழ்ச்சொல் அல்ல. சாமிக்குச் சாத்தாத பூ நிர்மாலியமும் ஆகாது. வேதக்காரப் பிள்ளைக்கும் முஸ்லிம் பிள்ளைக்கும் அதை எப்படி விளக்குவது?

செம்மலைப் பற்றி: ஒரு சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பது குற்றமா? நிகண்டுகள் செம்மலுக்குப் பழம்பூ என்று பொருள் சொல்கின்றன. தலைவனும் முதிர்ந்தவன், பூவும் முதிர்ந்தது.

இன்னொன்று. பிரசுரத்தில் "ரோசா" என்றா போட்டிருக்கிறீர்கள்? முளரி என்று போடுங்கள்.

மூதூரிலிருந்து, திங்கள் இரவு

முளரி என்றால் தாமரை, மாஸ்ரர். தாமரைத் தண்டிலும் முள் இருக்கிறது என்பதற்காக முள் உள்ளதெல்லாம் முளரி ஆகுமா? பிள்ளைகள் குளத்தைத் தேடிப் போவார்கள். நம் திருகோணமலையைப் பாடிய சம்பந்தர் கோணமாமலைப் பதிகத்தில் மௌவல், மாதவி, புன்னை, வேங்கை, செருந்தி, செண்பகம், குருந்து, முல்லை எல்லாம் சொல்கிறார். ரோசா இல்லை. வந்த பூ தன் பெயரோடு வந்தது, இருந்துவிட்டுப் போகட்டும்.

உவர்மலையிலிருந்து, செவ்வாய் காலை

இரண்டு நாளாக வாசிக்கிறேன். ரோசா வளர்க்கிற ஒருவரும் இங்கே பேசவில்லை போலிருக்கிறது. என் மாடியில் பதினொரு சாடி இருக்கிறது, அந்த உரிமையில் எழுதுகிறேன்.

முதலில் எங்கள் ஊர்ப்பெயரைப் பாருங்கள். ஓர்ஸ் ஹில், உவர்மலை. எதிலிருந்து எது வந்தது என்று தயவுசெய்து தொடங்க வேண்டாம். ஒலியும் பொருளும் ஒருங்கே நின்றால் சொல் நிலைக்கும் என்பதற்காகச் சொன்னேன். பொருளைப் பார்க்காமல் பெயர்த்தால் என்ன நடக்கும் என்பதற்கும் உதாரணம் உண்டு. ஹைபிரிட் டீ வகையை ஒருவர் "கலப்பினத் தேயிலை ரோசா" என்று எழுதியதைப் பார்த்திருக்கிறேன். 1867இல் வந்த லா பிரான்ஸ் அந்த வகையின் முதல் ரோசா என்பார்கள். அதன் முன்னோர் வகையின் மணம் தேயிலையை நினைவூட்டியதால் வந்த பெயர் அது. கொழுந்து பறிக்கிற செடி அல்ல.

ரீச்சர், இந்த வகையை மட்டும் பிரசுரத்தில் புகழ வேண்டாம். மலைநாட்டிலிருந்து பெரிய பூவோடு வாங்கி வருகிறார்கள். இங்கே தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று தொடங்கியதும் பூ பாதியாகச் சிறுக்கிறது, இதழோரம் கருகுகிறது. கொத்தாகச் சின்னப்பூ பூக்கிற வகையும் பட்டன் ரோசாவும்தான் நம் வெயிலைத் தாங்குகின்றன. காலை வெயில் ஆறு மணித்தியாலம் கிடைத்துப் பின்னேரம் கொஞ்சம் நிழல் விழுகிற இடம் நல்லது. உப்புவெளி, நிலாவெளி மணல் தண்ணீரை நிறுத்தாது, மாட்டெருவும் தும்புத்தூளும் கலக்கச் சொல்லுங்கள். மாரியில், ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை, இலை ஏழெட்டு மணித்தியாலம் ஈரமாகவே இருந்தால் கரும்புள்ளிப் பூஞ்சணம் பிடித்துவிடும். இலையில் தண்ணீர் ஊற்றாமல் அடியில் ஊற்ற வேண்டும், அதுவும் காலையில்.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். ரோசாவில் வாடிய பூவை மட்டும் எடுத்தால் போதாது. கீழே வந்து, ஐந்து சிற்றிலை உள்ள முதல் நல்ல இலையைப் பார்த்து, வெளிப்பக்கம் நோக்கிய கண்ணுக்குக் கால் அங்குலம் மேலே சாய்வாக வெட்ட வேண்டும். அந்தக் கண்ணிலிருந்துதான் புதுக்கொப்பு வரும், ஆறேழு கிழமையில் பூக்கும். கன்று சின்னதென்றால் இலையை இழக்க முடியாது, கழுத்தோடு நிறுத்தலாம். ஆகவே சொல்லில் "வெட்டு" இருக்க வேண்டும். மிச்சம் உங்கள் இஷ்டம்.

மூதூரிலிருந்து, செவ்வாய் மதியம்

ஐயா, இந்தப் பந்தி அப்படியே பிரசுரத்தில் போக வேண்டியது.

ஒரு யோசனை. மாஸ்ரர் செம்மலுக்குப் பொருளாக எடுத்துக் கொடுத்தது "பழம்பூ". நிகண்டு சொல்கிற பொருளையே சொல்லாக எடுத்துக்கொண்டால் என்ன? பழசு, பூ, இரண்டும் பிள்ளைக்குத் தெரியும். பழம்பூ வெட்டல்.

நிலாவெளியிலிருந்து, செவ்வாய் பின்னேரம்

பழம்பூ நன்றாக இருக்கிறது. ஆனால் "வெட்டல்" வேண்டாம், வாழை வெட்டுகிற மாதிரி. செவ்வந்திக்கும் இதே வேலைதான், அங்கே கத்தரிக்கோல் எடுப்பதில்லை, நகம் போதும். பழம்பூ கிள்ளல்.

தம்பலகாமத்திலிருந்து, செவ்வாய் இரவு

உரையை எடுத்துக்கொண்டு மூலத்தைக் குப்பையில் போடுகிறீர்கள். "பழம்பூ" என்பது விளக்கம், கலைச்சொல் அல்ல. பழம் பூத்தது என்று ஒரு பிள்ளை பிரிக்கும், பாருங்கள். "கழித்தல்" பற்றி ஒருவரும் யோசிக்கவில்லையா? பூக்கழித்தல்?

மூதூரிலிருந்து, செவ்வாய் இரவு

கண்ணூறு கழித்தல், காலைக்கடன் கழித்தல். வேண்டாம் மாஸ்ரர்.

உப்புவெளியிலிருந்து, புதன் இரவு

நாளை காலை எட்டு மணிக்கு அச்சகம் திறக்கிறது. எண்ணிப் பார்த்தேன். பழம்பூவுக்கு மூன்று பேர், செம்மலுக்கு ஒருவர். என் வாக்கையும் சேர்த்துக் கிள்ளலுக்கு இரண்டு, வெட்டலுக்கு இரண்டு. சமனாக நிற்கிறது, பிரசுரம் எழுதுவது நான், ஆகவே கிள்ளல். உவர்மலை ஐயாவின் பந்தியைக் கீழே முழுதாகப் போடுகிறேன், கத்தரிக்கோல் என்று அதிலேயே சேர்த்துவிட்டேன், ஆகவே நகத்தால் கிள்ளி முள் குத்தினால் என்னைக் குறை சொல்ல முடியாது. முளரி இல்லை. எல்லோருக்கும் நன்றி. ரோசாக் காய்க்குத் தனிப்பெயர் தேவையா என்று அடுத்த கிழமை கேட்கிறேன், இப்போது வேண்டாம்.

தம்பலகாமத்திலிருந்து, சனி காலை

பிரசுரம் கிடைத்தது. வடிவாக வந்திருக்கிறது. தலைப்பில் "பழம்பூக் கிள்ளல்" என்று ஒற்றுப் போட்டிருக்கிறீர்கள். பூவைக் கிள்ளல், இரண்டாம் வேற்றுமைத் தொகை. வல்லினம் மிகாது.

மூதூரிலிருந்து, சனி காலை

பூப்பறித்தல் என்று மிகுகிறதே?

தம்பலகாமத்திலிருந்து, சனி காலை

அது ஓரெழுத்தொருமொழி, அதனால் மிகுந்தது. பழம்பூவில் எத்தனை எழுத்து என்று எண்ணிவிட்டு எழுதுங்கள். செம்மல் என்று வைத்திருந்தால் இந்தச் சிக்கல் வந்திருக்காது.

உவர்மலையிலிருந்து, சனி மதியம்

இன்று ஆறு பூ எடுத்தேன். கிள்ளவில்லை, வெட்டினேன்.