30 நிமிடம் வைத்தும் 15 நிமிடத்திலேயே துண்டிக்கப்படும் ரிமோட் டெஸ்க்டாப் அமர்வுகள்

கேள்வி

வணக்கம். எங்கள் கணக்குப் பிரிவினர் நாள் முழுவதும் விண்டோஸ் சர்வர் 2019 செஷன் ஹோஸ்ட் (பலர் ஒரே நேரத்தில் ரிமோட்டாக நுழைந்து வேலை செய்யும் சர்வர்) ஒன்றில்தான் வேலை செய்கிறார்கள். பயன்பாட்டில் இல்லாத அமர்வுகள் 30 நிமிடத்தில் துண்டிக்கப்படுமாறு குரூப் பாலிசியின் (கணினிகளுக்கும் பயனர்களுக்கும் மையமாக விதிகள் வைக்கும் வசதி) யூசர் கான்ஃபிகரேஷன் பகுதியில் அமைத்துள்ளேன். ஆனால் 15 நிமிடத்திலேயே துண்டிப்பு நிகழ்கிறது. அதைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. நீண்ட அறிக்கையை ஓடவிட்டுச் சாப்பிடப் போகிறவர்கள் திரும்பி வந்து நுழைந்தால், அறிக்கையும் திறந்திருந்த பதிவுகளும் இல்லாமல் வெறும் டெஸ்க்டாப்தான் வருகிறது. வீட்டிலிருந்து கேட்வே (வெளி இணைப்புகளை உள்ளே விடும் சர்வர்) வழியாக வருபவர்களுக்குத் துண்டிக்கப்படும் நேரம் வேறாக இருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது?

பதில் 1

முதலில், அந்த 15 நிமிடம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். இதே அமைப்பு கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷனிலும் உண்டு. இரண்டிலும் மதிப்பு இருந்தால் கம்ப்யூட்டர் பக்கமே வெல்லும். சர்வர் மேனேஜரில், செஷன் ஹோஸ்ட்களின் தொகுப்பான கலெக்‌ஷனுக்கு வைத்த நேரமோ இவற்றுக்கெல்லாம் கீழே. சர்வரில் நிர்வாகியாக ஜிபிரிசல்ட் கட்டளையை ஓட்டி அறிக்கை எடுத்தால் எந்தப் பாலிசி வென்றது என்பது பெயரோடு தெரியும். ரெஜிஸ்ட்ரியிலும் பார்க்கலாம்: லோக்கல் மெஷின் கிளையில் சாஃப்ட்வேர், பாலிசீஸ், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் என்டி, டெர்மினல் சர்வீசஸ் என்று இறங்கினால் மேக்ஸ்ஐடில்டைம் (பயன்பாடில்லா நேரத்தின் வரம்பு) இருக்கும். மதிப்பு மில்லிவினாடிகளில் உள்ளதால் 15 நிமிடம் 900000 என்றும், 30 நிமிடம் 1800000 என்றும் தெரியும். பதின்ம எண்ணாக மாற்றிப் பாருங்கள்.

பதில் 2

அறிக்கை காணாமல் போவது தனிச் சிக்கல். சர்வரைப் பொறுத்தவரை விசைப்பலகையும் மவுஸும் அசையாமல் இருப்பதுதான் ஐடில்; உள்ளே நிரல் எவ்வளவு மும்முரமாக ஓடினாலும் அது கணக்கில் வராது. ஆனால் துண்டிக்கப்படுவதால் மட்டும் வேலை நிற்காது. அமர்வு பின்னணியில் உயிரோடு இருக்கும், மறுபடி நுழைந்தால் விட்ட இடத்திலேயே திறக்கும். வேலை போகிறதென்றால் அமர்வு முடிக்கப்படுகிறது என்று பொருள். அதற்குக் காரணம் இரண்டில் ஒன்றாக இருக்கும்: துண்டிக்கப்பட்ட அமர்வுகளுக்கான கால வரம்பு மிகக் குறைவாக இருக்கலாம், அல்லது "எண்ட் செஷன் வென் டைம் லிமிட்ஸ் ஆர் ரீச்ட்" இயக்கப்பட்டிருக்கலாம். இந்த இரண்டாவது இயங்கினால், ஐடில் நேரம் முடிந்ததும் துண்டிப்பதற்குப் பதிலாக நேரடியாக லாக்-ஆஃப் ஆகிவிடும். ரெஜிஸ்ட்ரியில் இதைக் காட்டும் எஃப்ரீசெட்புரோக்கன் மதிப்பு 1 ஆக இருந்தால் அதுதான் உங்கள் குற்றவாளி.

இதற்காக மவுஸை அசைத்துக்கொண்டே இருக்கும் சிறு நிரல்களைச் சிலர் பரிந்துரைப்பார்கள். யாரும் இல்லாத மேசையில் கணக்குத் திரை பூட்டப்படாமல் கிடப்பதை நான் ஏற்க மாட்டேன்.

கேட்டவர்

நன்றி. மேக்ஸ்ஐடில்டைம் 900000 என்றே இருக்கிறது. சர்வர்கள் உள்ள ஓயூவில் (ஆக்டிவ் டைரக்டரியில் கணினிகளைத் தொகுக்கும் பிரிவு) இணைத்திருக்கும் பழைய பாலிசியிலிருந்து வருகிறது. அதே பாலிசியில் எண்ட் செஷனும் இயக்கத்தில் இருக்கிறது. துண்டிக்கப்பட்ட அமர்வுகளுக்கு "நெவர்" (கால வரம்பே இல்லை) வைக்கலாமா?

பதில் 2

எண்ட் செஷனை அணைத்தால் போதும், "நெவர்" வேண்டாம். கைவிடப்பட்ட அமர்வுகள் நினைவகத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். அவற்றில் திறந்து கிடக்கும் கோப்புகள் மற்றவர்களுக்குப் பூட்டப்பட்டே இருக்கும். உங்கள் மிக நீண்ட அறிக்கை ஓடும் நேரத்தைவிடச் சற்று அதிகமாக, சில மணி நேரம் வையுங்கள். பாலிசியைப் புதுப்பிக்கும் ஜிபிஅப்டேட் கட்டளையை ஓட்டியபின் பயனர் ஒருவரை முழுதாக லாக்-ஆஃப் செய்து மீண்டும் நுழையச் சொல்லி, கியூயூசர் கட்டளை காட்டும் ஐடில் டைம் பத்தியைக் கவனித்து வாருங்கள்.

பதில் 3

வீட்டிலிருந்து வருபவர்களுக்குக் கேட்வேயையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அங்குள்ள கனெக்‌ஷன் ஆத்தரைசேஷன் பாலிசியில் டைம்அவுட்ஸ் என்ற தாவல் உண்டு. அதில் உள்ள ஐடில் நேரம் செஷன் ஹோஸ்ட்டின் பாலிசியைச் சாராதது. இரண்டில் எது சிறியதோ அது முந்திக்கொள்ளும். மூன்றாவது சாத்தியம், சும்மா இருக்கும் டிசிபி இணைப்பை நடுவிலுள்ள ஃபயர்வால் அறுத்துவிடுவது. செஷன் ஹோஸ்ட்டின் ஐடில் வரம்பு நெருங்கும்போது திரையில் இரண்டு நிமிட எச்சரிக்கை வரும். ஃபயர்வால் அறுத்தால் எச்சரிக்கை வராது. ஈவென்ட் வியூவரில் டெர்மினல்சர்வீசஸ்-லோக்கல்செஷன்மேனேஜர் பதிவுகளில் 40 ஆம் எண் நிகழ்வைப் பாருங்கள்: காரணக் குறி 3 என்றால் சர்வரின் ஐடில் வரம்பு, 5 என்றால் அதே அமர்வை வேறொரு இணைப்பு எடுத்துக்கொண்டது. ஃபயர்வால்தான் காரணம் என்று தெரிந்தால், பாலிசியில் கீப்-அலைவ் (இணைப்பு உயிரோடு இருக்க அவ்வப்போது அனுப்பப்படும் செய்தி) இடைவெளியை அதன் வரம்பைவிடக் குறைவாக வையுங்கள்.