பெரிய தொட்டிக்கு எப்போதும் பச்சையாக நிற்கும் செடி எது? கொஞ்சம் அவசரம்

பச்சைவாசல்:
வணக்கம். முற்றத்தில் 4 பெரிய தொட்டிகள் காலியாக நிற்கின்றன. வருடம் முழுக்க இலை உதிராமல், அதிகம் கவனிக்காவிட்டாலும் தாங்குகிற புதர்ச்செடி வேண்டும். போன தடவை வைத்தவை இரண்டே மாதத்தில் போய்விட்டன. ஞாயிற்றுக்கிழமைக்குள் வாங்கியாக வேண்டும். பெயர் மட்டும் சொன்னால் போதும்.

மண்வெட்டி:
வெயில் எத்தனை மணி நேரம் விழுகிறது? தொட்டி மண்ணா, சிமெண்டா, பிளாஸ்டிக்கா? போன தடவை என்ன செடி? காய்ந்து போனதா, அழுகிப் போனதா? இந்தக் கடைசிக் கேள்விக்காவது பதில் சொல்லுங்கள்.

செந்துளிர்:
இட்லிப்பூவில் குட்டை ரகம் வையுங்கள். என்னிடம் 6 வருடமாக ஒரே தொட்டியில் நிற்கிறது, பூ முடிந்ததும் நுனியை வெட்டிவிடுவேன், அவ்வளவுதான் வேலை. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். அதற்குக் கொஞ்சம் அமிலத்தன்மை உள்ள மண்தான் பிடிக்கும். கடினத் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் துளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியவில்லை என்று அர்த்தம். மழைத் தண்ணீர் கிடைத்தால் அதை ஊற்றுங்கள்.

காய்ந்தமண்:
கவனிக்க நேரமில்லை என்கிறவருக்கு இட்லிப்பூவா? அரளி வையுங்கள். தண்ணீர் ஊற்ற மறந்தாலும் கோபித்துக்கொள்ளாது. நெடுஞ்சாலை நடுவே எந்தக் கவனிப்பும் இல்லாமல் பூத்து நிற்பது அதுதானே.

செந்துளிர்:
வீட்டில் குழந்தையோ நாயோ இருக்கிறதா என்று கேட்காமல் அரளியைச் சொல்லாதீர்கள். இலை, பூ, தண்டு, வேர் எல்லாமே விஷம். இதயத் துடிப்பையே பாதிக்கும். வெட்டிப்போட்ட குச்சியை எரித்தால் அந்தப் புகையும் கெடுதல்.

காய்ந்தமண்:
எங்கள் வீட்டில் சின்ன வயதிலிருந்து அரளி இருக்கிறது. யாரும் அதைத் தின்றதில்லை.

செந்துளிர்:
உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். தவழ்கிற குழந்தைக்கு யார் சொல்வது? முற்றம் என்பது குழந்தை விளையாடுகிற இடம். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பச்சைவாசல்:
குழந்தை இருக்கிறது, 2 வயது. அரளி வேண்டாம். தொட்டி பிளாஸ்டிக், 2 அடி அகலம், 2 அடி உயரம். காலை வெயில் மட்டும்.

கூழாங்கல்:
அப்படியானால் நந்தியாவட்டை சரியாக வரும், அரை நிழலையும் தாங்கும். அடியில் 3 அங்குலத்துக்கு ஜல்லி போட்டு, அதன் மேல் மண் போடுங்கள். தண்ணீர் நன்றாக வடியும்.

வேர்ப்பார்வை:
இதே கேள்வியை இங்கே எத்தனை தடவை பார்த்தாயிற்று. செடி பெயர் கேட்க வருகிறவர்கள் யாரும் தொட்டியைத் திருப்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். ஜல்லியால் வடிகால் வரும் என்பதும் யாரும் சோதித்துப் பார்க்காமல் சொல்லிக்கொண்டு வருவதுதான். நண்பரே, அடிப்படையைத் தெரிந்துகொண்டு ஆலோசனை சொல்லுங்கள்.

கூழாங்கல்:
20 வருடமாகச் செடி வளர்க்கிறேன். எல்லாத் தொட்டியிலும் ஜல்லிதான்.

வேர்ப்பார்வை:
ஒரு ஸ்பாஞ்சை நனைத்துப் படுக்கையாகப் பிடியுங்கள். சொட்டு நின்றதும் நிமிர்த்திப் பிடியுங்கள். மறுபடி சொட்டும். உயரம் கூடினால்தான் தண்ணீர் கீழே இறங்கும் என்பதற்கு அதுவே சாட்சி. தொட்டி மண்ணின் அடிப்பகுதியில் எப்போதும் ஓர் ஈர அடுக்கு தங்கும். ஜல்லி போட்டால் அந்த அடுக்கு போகாது, ஜல்லிக்கு மேலே ஏறி வேருக்குப் பக்கத்தில் வந்து உட்காரும். மண்ணின் உயரத்தைக் குறைத்ததுதான் மிச்சம்.

மண்வெட்டி:
சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் விஷயம் சரி. பச்சைவாசல், இன்னொன்று. உங்கள் அளவுள்ள தொட்டி நேரான உருளையாக இருந்தால் சுமார் 178 லிட்டர் பிடிக்கும். முழுக்கத் தோட்டமண் நிரப்பி நனைத்தால் 250 கிலோவைத் தாண்டும், அப்புறம் நகர்த்தவே முடியாது. தேங்காய் நார்க்கழிவும் மக்கிய உரமும் கலந்து பாரத்தைக் குறையுங்கள். அவ்வளவு பெரிய தொட்டியில் கையளவு கன்றை வைக்காதீர்கள். வேர் போகாத இடத்து மண் நாள்கணக்கில் ஈரமாகவே கிடந்து வேரை அழுக வைக்கும். ஓரளவு வளர்ந்த செடியாக வாங்குங்கள். இல்லையென்றால் சின்னத் தொட்டியில் வளர்த்து மாற்றுங்கள். போன தடவை அழுகித்தானே போயின?

செந்துளிர்:
காலை வெயில் என்றால் ஷெஃப்ளராவும் நன்றாக நிற்கும் என்று சொல்ல வந்தேன். ஆனால் அதன் இலையைக் கடித்தால் வாய் எரியும், குரோட்டன்ஸ் பாலும் தோலில் அரிப்பைக் கொடுக்கும். நந்தியாவட்டையிலும் பால் உண்டு. 2 வயதுக் குழந்தைக்கு இட்லிப்பூ அல்லது மதுகாமினி. என் முடிவு இதுதான். மதுகாமினியை எப்படி வெட்டினாலும் அடர்த்தியாகத் துளிர்க்கும், வாசனை கூடுதல்.

மண்வெட்டி:
பச்சைவாசல், இருக்கிறீர்களா? அடியில் ஓட்டை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

(இரண்டு நாள் கழித்து)

பச்சைவாசல்:
தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். ஓட்டைக்கு வட்டக் குறி மட்டும் இருக்கிறது, ஒன்றுகூடத் திறக்கவில்லை. 4 தொட்டியிலும் அப்படித்தான். போன தடவைச் செடிகள் அடியில் நாறிக் கிடந்தது ஏன் என்று இப்போதுதான் புரிகிறது. துளைபோட்டு முடித்துவிட்டேன். நன்றி.

கூழாங்கல்:
நானும் ஸ்பாஞ்சை வைத்துப் பார்த்தேன். சொட்டியது. இருக்கிற தொட்டிகளைக் கலைக்கப் போவதில்லை, அடுத்து வைப்பதில் ஜல்லி போட மாட்டேன்.

செந்துளிர்:
பச்சைவாசல், கடைசியில் எந்தச் செடி வாங்கினீர்கள்?